கூற்று, கேட்போர், களன்: வெள்ளைப் பாத்தியதை குறித்த சில உரையாடல்கள்

மனம்விட்டுப் பேசினால் தீராத பகை இல்லை என்பது தாராளவாதிகளின் பழைய நம்பிக்கை. நிறவாதத்தைப் பொறுத்தமட்டில் இந்த நம்பிக்கை ஒரு கல்வித் திட்டமாகவே ஆகிப்போனது. வெள்ளையரும் கறுப்பரும் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார வேண்டும். கறுப்பர் தாம் பட்டதைச் சொல்ல வேண்டும். வெள்ளையர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கேட்டு, கலங்கி, தெளிந்து, வேறு ஆளாக எழுந்து போக வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தச் சித்திரத்தில் பேச்சு என்பது அதிகாரத்துக்கு வெளியே எங்கோ அந்தரத்தில் நடப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. செய்யுளின் உறுப்புகளைச் சொல்லவந்த தொல்காப்பியர் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று தனித்தனியே பிரித்து வைத்தார். அகப்பாட்டில் தோழி பேசுகிறாள் என்றால், யாரிடம், எங்கே நின்று, எதற்காக என்று கேட்காமல் அதற்குப் பொருள் கொள்ள முடியாது. தலைவியிடம் பேசுவதுபோல் பேசுவாள். உண்மையில் அது சிறைப்புறத்தில் ஒதுங்கி நிற்கும் தலைவன் காதில் விழுவதற்கான பேச்சு. நிறம் பற்றிய 'நேர்மையான உரையாடல்' என்று கொண்டாடப்படுவனவற்றையும் இப்படி வாசித்துப் பார்த்தால் என்ன?

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வழக்கமாக 'நிறவெறி' என்கிறோம். வெறி என்றதும் கண் சிவந்த, தடியெடுத்த ஓர் ஆள் நினைவுக்கு வருகிறான். நாயை ஏவிவிட்ட போலீஸ்காரனுக்கு அந்தச் சொல் பொருந்தும். வெறியே இல்லாமல், சாந்தமாக, கையெழுத்து மட்டும் போட்டுக் கடன் மறுத்த வங்கி அதிகாரிக்குப் பொருந்தாது. அவனும் அதே அமைப்பின் ஆள்தான். ஆகவே 'நிறவாதம்' என்ற சொல்லையே இங்கு கையாள்கிறேன். இன்னொரு சிக்கல், வெள்ளையருக்குப் பிறப்பாலேயே கிடைக்கிற அனுகூலத்தைத் தமிழில் என்னவென்பது? 'வெள்ளைச் சலுகை' என்று சிலர் எழுதுகிறார்கள். நம்மூரில் இந்தச் 'சலுகை' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இடஒதுக்கீட்டைக் கொச்சைப்படுத்த நினைக்கிறவர்கள் அதைச் 'சலுகை' என்றே சொல்லிவந்தார்கள். சலுகை என்றால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு இரக்கப்பட்டுத் தருவது. வெள்ளையருக்கு யாரும் இரக்கப்பட்டு எதையும் தரவில்லை. அது பத்திரத்தில் எழுதப்படாத பரம்பரைச் சொத்து மாதிரி. பழைய கிரயப் பத்திரங்களில் வரும் 'பாத்தியதை' என்ற சொல் இதற்குப் பக்கத்தில் வருகிறது. அனுபவிக்கிறவனுக்கே தான் அனுபவிப்பது தெரியாதபடி அனுபவிக்கப்படும் பாத்தியதை.

1963 மே 24. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மீது நாய்களும் தண்ணீர்ப் பீரங்கிகளும் ஏவப்பட்டிருந்தன. அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினிடம் ஆட்களைக் கூட்டிவரச் சொல்கிறார்; வடக்கத்தி நகரங்களில் கொந்தளிப்பை எப்படித் தணிப்பது என்று யோசனை கேட்பதற்காக. நியூயார்க்கில் கென்னடி குடும்பத்தின் அடுக்ககத்தில் சந்திப்பு. களனைக் கவனியுங்கள். நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பரி, பாடகர்கள் ஹாரி பெலஃபோன்ட்டே, லீனா ஹார்ன், உளவியலாளர் கென்னெத் கிளார்க் எனப் பெயர்பெற்றவர்கள் வந்திருக்கிறார்கள். பெயர்பெறாத ஒருவரும் வந்திருந்தார். ஜெரோம் ஸ்மித், தெற்கே பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் போய் மிசிசிப்பியில் அடித்து நொறுக்கப்பட்ட இளைஞர். அந்தக் காயங்களுக்குச் சிகிச்சை பெறவே நியூயார்க் வந்திருந்தவர்.

பேச்சை உடைத்தவர் அவர்தான். இந்த அறையில் உட்கார்ந்திருப்பதே தனக்குக் குமட்டுகிறது என்ற பொருளில் அவர் ஆரம்பித்தார். குடிமகனாக நடத்தப்படுவதற்கே மந்திரியிடம் வந்து கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய ஆத்திரம். கென்னடி அதைத் தன்மீதான அவமரியாதையாக எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பி மற்றவர்களிடம், அதாவது 'பேசத் தெரிந்தவர்களிடம்', பேச முயல்கிறார். இந்த அறையில் நீங்கள் கேட்க வேண்டிய குரல் அந்தப் பையனுடையதுதான் என்று ஹான்ஸ்பரி இடைமறிக்கிறார். இந்த நாட்டுக்காகப் போருக்குப் போவாயா என்று பால்ட்வின் ஸ்மித்திடம் கேட்க, ஒருபோதும் மாட்டேன் என்கிறார் ஸ்மித். கென்னடி அதிர்ந்துபோகிறார். எங்கள் குடும்பமும் அயர்லாந்திலிருந்து வந்து ஏச்சுப் பேச்சு வாங்கியதுதான், இன்று என் அண்ணன் ஜனாதிபதி, நீங்களும் ஒருநாள் வருவீர்கள் என்கிற தொனியில் சமாதானம் சொல்கிறார். எங்கள் ஆட்கள் உங்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்துவிட்டார்களே என்கிறார் பால்ட்வின். ஏறத்தாழ மூன்று மணி நேரம். கடைசியில் ஹான்ஸ்பரி எழுந்து வெளியே போக, கூட்டம் கலைகிறது.

இந்தச் சந்திப்பைத் 'தோல்வி' என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறவாதம் பற்றி ஒரு வெள்ளை ஆட்சியாளருக்கு நடந்த பாடங்களில் இதைவிடக் கறாரான பாடம் அரிது. அயர்லாந்துக் கதையைப் பாருங்கள். அதில் பொய் ஏதும் கிடையாது. கென்னடி மனம்விட்டுத்தான் பேசினார். சிக்கலே அங்கேதான். அவருடைய நேர்மை அவருடைய பாத்தியதைக்குள்ளிருந்தே வருகிறது. வந்தேறி உழைத்து முன்னுக்கு வந்த கதை, அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பொருந்தாது என்பதை அந்த நேர்மையால் பார்க்க முடியவில்லை. உண்மை பேசுவதும் உண்மையைக் காண்பதும் ஒன்றல்ல.

பிறகு என்ன ஆனது? சில நாட்கள் கழித்து, தான் கறுப்பராகப் பிறந்திருந்தால் தனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று கென்னடி நெருங்கியவர்களிடம் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் பதிவுசெய்கிறார். ஜூன் 11ஆம் தேதி ஜனாதிபதி ஜான் கென்னடி தொலைக்காட்சியில் சிவில் உரிமையை ஓர் அறப் பிரச்சினையாக முன்வைத்துப் பேசினார்; அப்படிப் பேசச் சொன்னவர்களில் தம்பி முக்கியமானவர். ஆக, பேச்சு வேலை செய்தது என்று முடித்துவிடலாமா? அதுதான் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உளவுத்துறைக்கு அனுமதி தந்து கையெழுத்திட்டவரும் இதே ராபர்ட் கென்னடிதான். அந்த அறையில் இருந்த வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸின் தொலைபேசிக்கு ஜூலையிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. பால்ட்வின்மீது உளவுத்துறை சேர்த்த கோப்பு காலப்போக்கில் 1,884 பக்கங்களாக வீங்கியது. சிறைப்புறத்தில் நின்று கேட்டவன் தலைவன் அல்ல, அரசு. மனிதர் கற்றுக்கொள்கிறார், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி கற்றுக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே கையால் கையெழுத்துப் போடுகின்றன.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1970 ஆகஸ்டில், பால்ட்வின் இன்னொரு உரையாடலுக்கு உட்கார்ந்தார். இம்முறை எதிரே மானுடவியலாளர் மார்கரெட் மீட். அவருக்கு 68 வயது, இவருக்கு 46. நடுவே ஒலிப்பதிவுக் கருவி. சுமார் ஏழரை மணி நேரப் பேச்சு 1971இல் 'எ ராப் ஆன் ரேஸ்' என்று புத்தகமாக வந்தது. 'ராப்' என்பதற்கு அன்றைய கறுப்பர் பேச்சுவழக்கில் ஒளிவுமறைவில்லாத பேச்சு என்று பொருள். புத்தகம் சீரற்றது. மீட் எதற்கெடுத்தாலும் நியூகினியிலிருந்து ஓர் உதாரணம் கொண்டுவந்துவிடுகிறார். சிறுவயதில் ஹார்லெமில் பிரசங்கியாக இருந்த பால்ட்வின், சில இடங்களில் மீண்டும் பிரசங்க மேடை ஏறிவிடுகிறார். பல பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்காகவே இந்தப் பிரதி இன்றும் வாசிக்கத்தக்கது. 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். பேச்சு அந்தச் சிறுமிகளிடம் வந்து நிற்கிறது. நான் செய்யாததற்கு நான் குற்றவாளி ஆக மாட்டேன் என்கிறார் மீட். இனி நடப்பதற்குப் பொறுப்பு ஏற்கிறேன், பிறர் செய்துமுடித்ததற்குக் குற்றவுணர்வு சுமக்க முடியாது என்பது அவர் நிலை. பால்ட்வின் விடுவதாக இல்லை. அந்தக் குண்டுக்குத் தானும் பொறுப்பு என்கிறார். அவர் கறுப்பர், கொல்லப்பட்டவர்கள் அவருடைய ஜனங்கள். இருந்தும், தடுக்கவில்லை என்ற அளவில் தானும் பொறுப்பு என்கிறார். மீட் இதை ஏற்கவில்லை. பால்ட்வினுக்கு இறந்தகாலம் இறந்துபோகவில்லை. மீட்டுக்கு அது ஆவணம். கடைசிவரை இருவரும் இதில் ஒத்துப்போகவில்லை.

மீட்டை இங்கே எளிதாகக் கழுவிலேற்றிவிடலாம். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. தலையாட்டிக்கொண்டே போகும் வெள்ளையரைவிட, முடியாது என்று சொல்லும் இந்தக் கிழவி மேல். அவர் மறுத்ததால்தான் பால்ட்வின் தன் சிந்தனையின் அடியாழம்வரை போக நேர்ந்தது. குற்றவுணர்வு என்ற சொல்லை மீட் மறுத்ததும் சரியே. ஆனால் குற்றத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் எதிர்காலம் மட்டும்தான் என்று அவர் நினைத்தது தவறு. குற்றத்துக்கும் எதிர்காலத்துக்கும் நடுவில் சொத்து இருக்கிறது. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் குற்றவாளி ஆகமாட்டான், வாஸ்தவம். ஆனால் தாத்தாவின் நிலத்தை எடுத்துக்கொண்டு கடன் பத்திரத்தை மட்டும் கிழித்துப்போட முடியுமா? பாத்தியதை என்ற சொல்லில் இந்த இரண்டு பக்கமும் உண்டு. ஏழரை மணி நேரத்தில் இருவரும் அறம் பேசினார்கள், வரலாறு பேசினார்கள், குழந்தைப் பருவம் பேசினார்கள். வீட்டுமனையின் விலை அந்தப் பேச்சில் ஓரத்தில்தான் நின்றது.

அந்த விலை எப்படி ஏறியது என்பதில் மர்மம் இல்லை. 1934இல் தொடங்கப்பட்ட கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பர் வசிக்கும் பகுதிகளை ஆபத்தான முதலீடு என்று ஒதுக்கி அங்கே வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. வெள்ளையருக்கான புறநகர்களுக்கோ தாராளமாகத் தந்தது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. ஒரு தலைமுறை வீடு வாங்கிக்கொண்டது. மற்றொன்று வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெள்ளைக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பங்களுக்கு 44,900. இதில் மனக்கசப்பு எங்கே, வெறுப்பு எங்கே என்று தேடினால் கிடைக்காது. விண்ணப்பப் படிவங்கள் மட்டும் கிடைக்கும்.

பெகி மெக்கின்டாஷ் 1988இல் எழுதிய கட்டுரை பிரபலம். பெண்கள் பின்தங்கியிருப்பதை ஒப்புக்கொள்ளும் ஆண்கள், தாங்கள் கூடுதலாக எதையோ அனுபவிப்பதை மட்டும் ஒப்புக்கொள்வதில்லை என்று கவனித்த அவர், அதே கண்ணாடியைத் தன்பக்கம் திருப்பினார். கடையில் தன்னை யாரும் சந்தேகத்தோடு பின்தொடர்வதில்லை. தன் இனம் முழுவதற்கும் சேர்த்துப் பேசும்படி தன்னை யாரும் கேட்பதில்லை. காயத்துக்குப் போடும் 'தோல் நிற' பிளாஸ்திரிகூடத் தன் தோலுக்குப் பொருந்துகிறது. இப்படி 46 விஷயங்களை வரிசைப்படுத்தினார். கூர்மையான காரியம்; மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் கைக்கொண்ட உருவகம் முதுகுப்பை. பையை இறக்கி, திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டால் முடிந்தது என்ற எண்ணத்துக்கு அது இடம் தருகிறது. 1935இலேயே டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் வெள்ளைத் தொழிலாளி பெறும் மரியாதையை ஒருவகைக் கூலி என்று வருணித்தார். கூலி என்றதும் முதலாளி யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. முதுகுப்பையில் அந்தக் கேள்வி வருவதில்லை.

கேட்போரின் நாசூக்கைப் பற்றி ஆட்ரி லார்ட் 1981 ஜூனில் கனெக்டிகட்டில் நடந்த பெண்ணியல் மாநாட்டில் பேசினார். உன் வேதனையைச் சொல், ஆனால் கடுமையாகச் சொல்லாதே, சொன்னால் என்னால் கேட்க முடியாது என்று ஒரு வெள்ளைப் பெண் தன்னிடம் சொன்னதை அந்த மேடையிலேயே போட்டு உடைத்தார். பேசுகிறவளின் காயத்தைவிடக் கேட்கிறவளின் செவி மென்மையானதாகிவிடுகிறது. குற்றவுணர்வை லார்ட் மதிக்கவில்லை. அது கோபத்துக்கான பதில் அல்ல, பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழி என்பது அவர் வாதம். மீட் குற்றவுணர்வை மறுத்ததும் லார்ட் மறுத்ததும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து. ஒருவர் கணக்கை மூடுவதற்காக, மற்றவர் கணக்கைத் திறப்பதற்காக.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் கொல்லப்பட்ட பிறகு, இந்தப் பேச்சு ஒரு சந்தையாகவே மாறியது. நிறம் பற்றி இனி வெள்ளையரிடம் பேசப்போவதில்லை என்ற தலைப்பில் 2017இல் புத்தகம் எழுதிய ரெனி எடோ-லாட்ஜ், 2020 ஜூனில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். பேச மாட்டேன் என்றவளின் பேச்சைத்தான் எல்லோரும் காசு கொடுத்து வாங்கினார்கள்! கம்பெனிகள் ஊழியர்களுக்கு அரைநாள் பயிற்சி நடத்தின. வலதுசாரிகள் பயந்தது வேறு விதம். 2020 செப்டம்பரில் ட்ரம்ப் அரசு, வெள்ளைப் பாத்தியதை பற்றிய பயிற்சிகளை அந்தச் சொல்லைக் குறிப்பிட்டே தடைசெய்யப் புறப்பட்டது. 2021 ஜனவரியில் பைடன் அந்த உத்தரவை ரத்துசெய்தார். 2025 ஜனவரியில் மீண்டும் வந்த ட்ரம்ப் கூட்டரசின் பன்மைத்துவத் திட்டங்களையே கலைத்தார். எதிரி தடைசெய்துவிட்டான் என்பதற்காக அரைநாள் பயிற்சி புரட்சி ஆகிவிடாது. அதேபோல், பயிற்சி பம்மாத்து என்று நாம் சொல்வதைத் தடைசெய்தவன் பக்கத் துணைச்சாட்சியாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லைப் பார்த்தே அரசு பயப்படுகிறது என்றால், சொல்லில் ஏதோ இருக்கிறது. அரைநாளில் அது வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

மீட்டும் பால்ட்வினும் நியூயார்க்கில் பேசிக்கொண்டிருந்த அதே 1970 ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவில் 23 வயது ஸ்டீவ் பிக்கோ, கறுப்பு மாணவர் அமைப்பின் செய்திமடலில் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். புனைபெயர் 'ஃபிராங்க் டாக்', அதாவது ஒளிவுமறைவற்ற பேச்சு. அந்தப் பேச்சின் முதல் இலக்கு, பேச அழைக்கும் வெள்ளைத் தாராளவாதிகள். ஆங்கிலம் நன்றாகப் பேசும் நாலு கறுப்பரைத் தேநீருக்கு அழைத்து, நாட்டை எப்படி மாற்றுவது என்று அரைத்த மாவையே அரைத்துவிட்டு, யார் அதிகத் தேநீர் விருந்து வைத்தாரோ அவரே பெரிய முற்போக்காளர் என்று திருப்திப்பட்டுக்கொள்வதை அவர் கிண்டல் செய்தார். இது சும்மா வாய்த்துடுக்கு இல்லை. 1967இல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த அனைத்து மாணவர் மாநாட்டில், கறுப்புப் பிரதிநிதிகளுக்கு வளாகத்தில் தங்க இடமில்லை. பகலில் சமத்துவம் பேசலாம். ராத்திரி ஊருக்கு வெளியே படுக்க வேண்டும். மாநாட்டை ஒத்திவைக்கும்படி பிக்கோ கொண்டுவந்த தீர்மானம், விடிய விடிய விவாதிக்கப்பட்டுத் தோற்றது. விவாதத்தில் நேர்மைக்குப் பஞ்சமில்லை. வெள்ளை மாணவர்கள் வெட்கப்பட்டார்கள், வருந்தினார்கள். பிறகு வளாகத்திலேயே தூங்கப் போனார்கள். முதலில் நமக்குள் பேசுவோம் என்று கறுப்பு மாணவர்கள் தனி அமைப்புக் கண்டதன் பின்னணி இது. பேச்சை முறிப்பதல்ல அவர்கள் நோக்கம், களனை மாற்றுவது.

அரசு இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 1973இல் பிக்கோமீது விதிக்கப்பட்ட தடையுத்தரவின்படி, அவர் ஒரு நேரத்தில் ஒருவருக்குமேல் பேசக்கூடாது. அவர் சொன்னதை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது. கேட்போரை எண்ணிக் கணக்கு வைத்த சட்டம் இது. பூட்டை உடைத்த இடம் நீதிமன்றம். 1976 மே மாதம், தோழர்கள்மீதான வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறி, நாட்கணக்கில் வெள்ளை நீதிபதி முன் பேசினார். நீங்கள் பழுப்பாகத்தானே இருக்கிறீர்கள், ஏன் கறுப்பர் என்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். நீங்களும் இளஞ்சிவப்பாகத்தானே இருக்கிறீர்கள், ஏன் வெள்ளையர் என்கிறீர்கள் என்ற அர்த்தத்தில் பிக்கோ பதில் சொன்னார். நீதிபதி கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தார், பிக்கோ கூண்டில் இருந்தார். அந்தக் கணத்தில் யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள் என்பது சாட்சியப் பதிவை வாசிக்கும் எவருக்கும் தெரியும்.

1977 செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் தலையில் பட்ட காயங்களால் பிக்கோ இறந்தார். இனஒதுக்கல் ஆட்சி போய், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996இல் விசாரணைகளைத் தொடங்கியபோது அதன் ஏற்பாடு இப்படி: அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவன் முழு உண்மையையும் சொன்னால் மன்னிப்பு. உலகமே இந்தப் பேச்சைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. பிக்கோவின் குடும்பமும் கொல்லப்பட்ட வேறு சிலரின் குடும்பங்களும் இதை எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு 1996 ஜூலையில் தள்ளுபடியானது. பேசுவதற்குப் பதிலாக நீதியைக் கேட்டதற்காக அவர்களைப் பழிவாங்கும் எண்ணம் கொண்டவர்கள் என்று சிலர் சொன்னார்கள். பிக்கோவை விசாரித்த போலீஸ்காரர்கள் 1997இல் மன்னிப்புக் கேட்டு ஆணையத்தின் முன் வந்தார்கள். கைகலப்பில் தலை சுவரில் மோதிவிட்டது என்று இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன கதையையே ஏறக்குறைய மறுபடி சொன்னார்கள். முழு உண்மை சொல்லவில்லை என்று ஆணையம் 1999இல் அவர்களுக்கு மன்னிப்பை மறுத்தது. 2003இல், போதிய சாட்சியம் இல்லை என்று அரசுத் தரப்பு அவர்கள்மீது வழக்குத் தொடராமல் விட்டுவிட்டது.